ஆதார் நகல் முதல் குரல் நகல் வரை: கடற்கரை மக்களுக்கான தனிநபர் தரவுப் பாதுகாப்பு வழிகாட்டி

மண்டபம் பக்கம் ஒரு கணினி மையம் நடத்தும் எனக்கு ஏப்ரல் மாதம் பிறந்தாலே கை ஓயாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், நிவாரணம், வங்கிக் கணக்குத் திருத்தம், கைபேசி எண் மாற்றம் என்று ஏதாவது ஒரு தாளோடு ஒவ்வொரு குடும்பமும் வந்து நிற்கும். அப்படி வந்தவர்களில், பாசி எடுக்கும் அக்கா ஒருவர், பேருந்து நிறுத்தத்தில் வாங்கிய பருப்பு வடையை என் மேசையில் வைத்துச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தார். அது ஓர் ஆதார் நகல். கறுப்பு மையில் கண்ணே தெரியாத முகம், தெளிவாகத் தெரிந்த பன்னிரண்டு இலக்கங்கள், கீழே எண்ணெய் ஊறிய கையெழுத்து. "யாரோடதுன்னு தெரியலையே தம்பி, என்னோடது எந்தக் கடையில கெடக்கோ" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த ஆண்டு மட்டும் அவருக்கு ஏழு நகல்கள் எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

வடைக்கடைக்காரர் அந்தத் தாளைப் படித்திருக்க மாட்டார், அவருக்கு அதற்கு நேரமும் இல்லை. ஆனால் அதே தாளைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், படத்திலிருக்கும் எழுத்தைப் படித்தெடுக்கவும், அந்த முகத்தை முகநூல் படத்தோடு பொருத்திப் பார்க்கவும், வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் பெயர், எண், ஊர், படகு ஆகிய துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரே ஆளாகத் தைக்கவும் இன்று மனிதர் எவரும் உட்கார்ந்து வேலை செய்யத் தேவையில்லை. செயற்கை நுண்ணறிவு நம் ஊருக்குக் கொண்டுவந்த மாற்றங்களில் மிகப் பெரியது இந்தத் தையல் வேலைதான் என்பது என் கருத்து. அதை எந்தெந்த இடத்தில் சட்டத்தின் துணையோடு தடுக்கலாம், எந்த இடத்தில் சட்டம் கைகொடுக்காது, அங்கே நாமே என்ன செய்துகொள்ள வேண்டும் என்பதைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: சட்டம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது

2017 ஆகஸ்ட் 24 அன்று, நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கத்துக்கான உரிமை அரசியலமைப்புச் சட்டம் தரும் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 11 அன்று, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் எல்லாப் பிரிவுகளும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைக்கும் பிரிவுகள் உடனேயும், மக்கள் சார்பில் ஒப்புதலைக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் உதவும் ஒப்புதல் மேலாளர்கள் பற்றியவை ஓராண்டு கழித்தும், நமக்கு உண்மையில் பயன்படும் உரிமைகளும் நிறுவனங்களின் கடமைகளும் பதினெட்டு மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்திலும் நடைமுறைக்கு வரும்படி காலம் வகுக்கப்பட்டது. அதுவரை 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலுள்ள 43அ பிரிவும் அதன் கீழான 2011ஆம் ஆண்டு விதிகளும் செல்லும்.

சட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இரண்டு. தரவு யாரைப் பற்றியதோ அவர் தரவுக்குரியவர். அதை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவர் தரவுப் பொறுப்பாளர், அது வங்கியாகவும் இருக்கலாம், விடுதியாகவும் இருக்கலாம், மீனவர் சங்கமாகவும் இருக்கலாம். இந்தச் சட்டம் டிஜிட்டல் வடிவில் இருக்கும் தரவுக்கு மட்டுமே பொருந்தும் என்பதைக் கவனிக்க வேண்டும். இராமேசுவரத்தில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருக்கும் தடித்த பதிவேட்டில் உங்கள் பெயரும் முகவரியும் பேனாவால் மட்டும் எழுதப்பட்டிருக்கும்வரை அது சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஊழியர் கைபேசியில் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பும் நொடியில் அது சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. சொந்த, குடும்பத் தேவைக்காக நீங்கள் வைத்திருக்கும் தொலைபேசி எண்களுக்குச் சட்டம் பொருந்தாது.

இரண்டாம் படி: கொடுத்ததற்குக் கணக்கு எழுதுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். படகுக்கு எத்தனை லிட்டர் டீசல், எத்தனை கட்டி ஐஸ், பங்கு யாருக்கு எவ்வளவு என்று நாள் தவறாமல் எழுதும் நம் ஆட்கள், தம் பெயரையும் முகத்தையும் விரல் ரேகையையும் யார் யாரிடம் கொடுத்தோம் என்பதை எழுதிவைப்பதே இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, யாரிடம் கொடுத்தது, எதைக் கொடுத்தது, எதற்காக என்று அவர்கள் சொன்னது, தாளாகவா வாட்ஸ்அப்பிலா செயலியிலா என்ற ஐந்து விவரங்களை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

பழையதை நினைவிலிருந்து எழுதும்போது கடற்கரைக் குடும்பத்தின் பட்டியல் எதிர்பார்ப்பதைவிட நீளமாக இருக்கும். மீனவர் அடையாள அட்டை, பாசி எடுப்பவர்களுக்கான அட்டை, படகுப் பதிவு, 2024இல் தொடங்கப்பட்ட தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தில் செய்த பதிவு, ரேஷன் கடை, சிம் கார்டு, குழுக் கடன், கைபேசிக் கடன் செயலி, பிள்ளையின் பள்ளி, வளைகுடா வேலைக்குப் பாஸ்போர்ட் நகல் வாங்கிய முகவர் என்று போகும். உங்கள் பெயரில் எத்தனை சிம் வாங்கப்பட்டிருக்கிறது என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது அல்லாத எண் இருந்தால் அங்கேயே அறிவிக்கலாம்.

படகில் பொருத்தப்படும், அதன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியே தெரிவிக்கும் இஸ்ரோ தொழில்நுட்ப டிரான்ஸ்பாண்டரைப் பற்றி ஒரு சொல். புயல் நேரத்தில் அது உயிர்காக்கும் கருவி, அதை மறுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எப்போது வலை போட்டால் மீன் படும் என்பது நம் குடும்பங்களில் தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்லும் சொத்து. படகின் இருப்பிடத் தடத்தைப் பல மாதங்கள் சேர்த்துக் கணினிக்குக் கொடுத்தால் அந்தச் சொத்து ஒரு வரைபடமாக வெளியே வந்துவிடும். ஒரு தனிநபரை அடையாளம் காட்டும் எந்தத் தகவலும் தனிநபர் தரவே என்று சட்டம் வரையறுப்பதால், ஒருவர் பெயரில் பதிவான படகின் தடத்தையும் அப்படியே கருத இடமிருக்கிறது. ஆகவே எந்தச் செயலியிலும் இருப்பிட அனுமதியைக் கொடுக்கும்போது அதையும் நோட்டில் எழுதுங்கள்.

மூன்றாம் படி: கொடுக்கும் இடத்திலேயே குறைப்பது

அடையாளம் காட்ட மட்டும் ஆதார் கேட்கும் இடங்களில் முழு எண்ணைக் கொடுக்கத் தேவையில்லை. ஆதார் ஆணையத்தின் தளத்தில் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டு, கடைசி நான்கு மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். எண்ணுக்குப் பதிலாகப் பதினாறு இலக்க மெய்நிகர் எண்ணையும் உருவாக்கிக்கொள்ளலாம். நகலையே கொடுக்க வேண்டியிருந்தால், முகமும் எழுத்தும் மறையாமல் குறுக்கே, "இன்ன விடுதியில் தங்குவதற்கு மட்டும்" என்று தேதியுடன் எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்தத் தாள் நாளை வேறொரு கடன் விண்ணப்பத்தில் செருகப்பட்டால், குறுக்கே இருக்கும் அந்த வரி உங்கள் பக்கம் சாட்சியாக நிற்கும்.

விரல் ரேகையில் நம் கடற்கரைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாறையில் பாசி பறிக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் முங்குகிறார்கள், அப்படியும் ரேகை தேய்ந்துவிடுகிறது. கயிறு இழுக்கும் கைக்கும் இதே கதி. ஒரு முறை விழாத ரேகையை நான்கு முறை, ஐந்து முறை வைக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எதற்காக வைக்கிறோம் என்பது வைப்பவருக்குத் தெரிவதில்லை. ஆதார் வழிப் பணம் எடுக்கும் இடத்தில், திரையில் வந்த தொகையையும் "தோல்வி" என்ற செய்தியையும் காட்டச் சொன்ன பிறகே அடுத்த முறை விரலை வைக்க வேண்டும். மற்ற நாட்களில் ஆதார் தளத்திலோ அதன் செயலியிலோ விரல் ரேகை, கண் பதிவு ஆகியவை பயன்படாமல் தடுக்கும் உயிரடையாளப் பூட்டைப் போட்டுவைத்து, தேவைப்படும்போது மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். இதற்கு ஆதாருடன் இணைந்த கைபேசி எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். போலி ரேகை அச்சுகளைக் கண்டுபிடிக்க, வைக்கப்பட்டது உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் செயற்கை நுண்ணறிவு நுட்பத்தை 2023 பிப்ரவரியில் ஆதார் ஆணையம் கொண்டுவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். திருடனுக்குக் கிடைத்த கருவி காவலுக்கும் கிடைத்திருக்கிறது.

நான்காம் படி: ஒப்புதல் வாசகத்தைத் தமிழில் கேட்டுப் படிப்பது

புதிய சட்டத்தின்படி, ஒப்புதல் கேட்பவர் எந்தத் தரவை, எந்த நோக்கத்துக்காகக் கேட்கிறார் என்பதைத் தெளிவான மொழியில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலுமோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஒரு தொடுதலில் வாங்கிய ஒப்புதலை ரத்து செய்யச் சென்னை அலுவலகத்துக்குக் கடிதம் போடச் சொன்னால் அது சட்டத்துக்குப் பொருந்தாது.

படிக்கும்போது ஒரு வரியைத் தேடுங்கள். "எங்கள் சேவையை மேம்படுத்துவதற்கும்" என்று பணிவாக எழுதப்பட்டிருக்கும் அந்த வரிக்குள்தான் பெரும்பாலும் உங்கள் படமும் குரலும் எழுத்தும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை, அதாவது ஏராளமான தரவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கணினி நிரலைப் பயிற்றுவிக்கப் போகும் வழி ஒளிந்திருக்கும். கடன் தருவது ஒரு நோக்கம், மாதிரியைப் பயிற்றுவிப்பது வேறு நோக்கம். ஒன்றுக்குக் கொடுத்த ஒப்புதல், அதற்குத் தேவையான தரவுக்கு மட்டுமே செல்லும்.

கடன் செயலிகளைப் பொறுத்தவரை சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் ஆகியவற்றைக் கடன் செயலி தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே வழிகாட்டுதல் தந்து, 2025இல் அதை உறுதிப்படுத்தியது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை வாடிக்கையாளரைச் சேர்க்கும் வேலைக்காக ஒரு முறை மட்டும், வெளிப்படையான ஒப்புதலோடு கேட்கலாம். நிறுவும்போதே தொடர்புப் பட்டியலைக் கேட்கும் கடன் செயலியை அந்த நிமிடமே நீக்கிவிடுங்கள், வட்டியைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

அரசு நலத்திட்டங்களுக்கு இந்த ஒப்புதல் கணக்கு அப்படியே பொருந்தாது. மானியம், உதவித்தொகை, உரிமம், சான்றிதழ் ஆகியவற்றை வழங்குவதற்காக, சட்டம் சொல்லும் வரம்புகளுக்குள், அரசு தனியாக ஒப்புதல் பெறாமலே தரவைப் பயன்படுத்தலாம்.

ஐந்தாம் படி: செயற்கை நுண்ணறிவிடம் சட்டம் எங்கே தளர்கிறது என்பதை அறிவது

நீங்களே பொதுவெளியில் வைத்த தரவுக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. பாம்பன் பாலத்தின் முன் குடும்பத்தோடு நின்று எடுத்த படத்தை எல்லோரும் பார்க்கும்படி முகநூலில் போட்டால், அதை அள்ளிக்கொண்டு போய் மாதிரிக்குப் பயிற்சி தருபவரை இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில், இணையத்திலிருந்து முகப்படங்களைக் கண்மூடித்தனமாக அள்ளி முக அடையாளத் தரவுத்தளம் கட்டுவது 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. நமக்கு அப்படி ஒரு தடை இல்லாததால், பழைய படங்களைப் "நண்பர்கள் மட்டும்" என்று மாற்றிவைப்பதே கையிலிருக்கும் வழி.

இரண்டாவது தளர்ச்சி அழிப்பதில் இருக்கிறது. நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு, நிறுவனம் தன் கோப்பிலிருந்து படத்தை அழித்தும் விடலாம். ஆனால் அந்தப் படத்தைக் கொண்டு ஏற்கெனவே பயிற்றுவிக்கப்பட்ட மாதிரியிலிருந்து அதன் தடத்தை மட்டும் உருவி எடுப்பது இன்றைய நுட்பத்துக்கு மிகக் கடினம். மீன் குழம்பில் கரைந்த உப்பைத் திரும்ப எடுக்கிற வேலை அது. ஆகவேதான் மூன்றாம், நான்காம் படிகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்தேன்.

மூன்றாவது, கணினியே எடுக்கும் முடிவுகள். தன்னைப் பெரிதும் பாதிக்கும் ஒரு முடிவு முழுக்க முழுக்க இயந்திரத்தால் மட்டும் எடுக்கப்படாமலிருக்கும் உரிமையை ஐரோப்பாவின் 2018ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தரவு ஒழுங்குமுறை தன் 22ஆம் பிரிவில் தருகிறது. நம் சட்டத்தில் அதற்கு நிகரான பிரிவு இல்லை. ஆனால் சுற்றுவழி ஒன்று இருக்கிறது. ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்க ஒரு தரவு பயன்படுமானால், அது முழுமையாகவும் சரியாகவும் முரணின்றியும் இருப்பதைப் பொறுப்பாளர் உறுதி செய்ய வேண்டும் என்று 8ஆம் பிரிவும், தவறைத் திருத்தச் சொல்லும் உரிமையை 12ஆம் பிரிவும் தருகின்றன. "உங்கள் மதிப்பெண் குறைவு, கடன் இல்லை" என்று திரை சொன்னால், முடிவை எதிர்த்து வாதிடுவதைவிட, முடிவுக்கு ஆதாரமான தரவைக் காட்டச் சொல்லித் திருத்தக் கேட்பது பலன் தரும். ஒரே தெருவில் ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கும் நம் ஊர்களில் பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பெரிய நிறுவனங்களை மத்திய அரசு முக்கியப் பொறுப்பாளர்களாக அறிவித்தால், அவை ஆண்டுதோறும் தாக்க மதிப்பீடும் தணிக்கையும் செய்து, தம் கணினி வழிமுறைகள் மக்களின் உரிமைக்குக் கேடு செய்யவில்லை என்று சரிபார்க்கவும் வேண்டும்.

ஆறாம் படி: எழுத்தில் கேட்பது

நோட்டைத் திறந்து, சந்தேகம் தரும் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய குறைதீர்ப்பு முகவரிக்கு இப்படி எழுதலாம்:

"இன்ன தேதியில் இன்ன சேவைக்காக என் ஆதார் நகலையும் புகைப்படத்தையும் உங்களிடம் கொடுத்தேன். என்னைப் பற்றி உங்களிடம் இப்போது என்னென்ன தரவு உள்ளது, அது எதற்குப் பயன்படுகிறது, வேறு யார் யாருக்குத் தரப்பட்டது, செயற்கை நுண்ணறிவு மாதிரி எதையும் பயிற்றுவிக்க அது பயன்பட்டதா என்பவற்றை எழுத்தில் தெரிவிக்கவும். சேவை முடிந்துவிட்டதால் என் ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை தவிர மற்றவற்றை அழித்து, அழித்ததைத் தெரிவிக்கவும்."

குறைகளுக்கு 90 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது 2027 மே முதல் நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்ட புதிய விதி. பதில் இல்லையென்றாலோ திருப்தி இல்லையென்றாலோ, அடுத்து தரவுப் பாதுகாப்பு வாரியம், அதன் முடிவை எதிர்த்து 60 நாட்களுக்குள் தொலைத்தொடர்புத் தகராறுகள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். போதிய பாதுகாப்பு வைக்காத பொறுப்பாளருக்கு 250 கோடி ரூபாய் வரையும், கசிவை அறிவிக்காதவருக்கு 200 கோடி வரையும் அபராதம் விதிக்கலாம். கேட்கப் பிரமாண்டமாக இருந்தாலும், அந்தப் பணம் முழுவதும் அரசுக் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். இழப்பீடு கேட்க இடம் தந்த 43அ பிரிவும் 2027 மே மாதத்தோடு நீக்கப்படும்படி எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தேதிக்கு முன், கடவுச்சொல், வங்கி விவரம், உடல்நலம், உயிரடையாளம் போன்ற தரவை ஒரு நிறுவனம் அலட்சியமாகக் கசியவிட்டு உங்களுக்கு நட்டம் ஏற்பட்டால், மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளர் தீர்ப்பு அதிகாரியாக இருக்கும் அமைப்பிடம் 5 கோடி ரூபாய் வரையான இழப்பீட்டுக்கு மனுச் செய்யலாம். பொய்ப் புகார் கொடுத்தால் நமக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ஏழாம் படி: குரல் வந்தால் என்ன செய்வது

கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், துபாயிலிருக்கும் மகனின் குரலில் புதிய எண்ணிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. "உம்மா, போலீஸ்ல மாட்டிக்கிட்டேன், ஒரு லட்சம் உடனே அனுப்புங்க, வாப்பாட்ட சொல்லாதீங்க" என்று அதே இழுவையோடு குரல் அழுதது. அவர் பதறினாலும், "நம்ம வீட்டுக் கெணத்த எந்த வருசம் மூடுனோம்?" என்று கேட்டார். மறுமுனையில் ஒரு கணம் அமைதி, பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது. திருமணத்தில் பேசிய காணொளியோ, குழுவில் அனுப்பிய குரல் செய்தியோ இருந்தால் போதும், இன்றைய கருவிகள் குரலை நகலெடுத்துவிடும். கிணற்றுக் கதை இணையத்தில் இல்லை. அப்படி ஒரு கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அதை வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம்.

பணம் போய்விட்டால் முதலில் அழைக்க வேண்டிய எண் 1930. எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்தப்படும் வாய்ப்பு அவ்வளவு கூடும். பிறகு தேசிய சைபர் குற்றத் தளத்தில் எழுத்துப் புகார், வங்கிக்கு எழுத்துத் தகவல். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், தெரிவிக்கும்வரை ஏற்பட்ட நட்டம் உங்களுடையது. பிறர் அடையாளத்தைத் திருடுவதும், கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 66ஈ பிரிவுகளின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள்.

எட்டாம் படி: பிறர் தரவு உங்களிடம் இருந்தால்

இதுவரை கேட்பவராக இருந்தோம். ஆனால் மீனவர் சங்கச் செயலாளரும், விடுதிக்காரரும், மகளிர் குழுத் தலைவியும், என்னைப் போன்ற கணினி மையக்காரரும் பதில் சொல்ல வேண்டியவர்களும்கூட. எல்லை தாண்டியதாகப் படகு பிடிபடும் நாளில் மீனவர்களின் பெயர், வயது, கைபேசி எண், சில வேளை ஆதார் எண்ணோடும் கூடிய பட்டியல் குழுவிலிருந்து குழுவுக்குப் பறக்கிறது. நோக்கம் நல்லதுதான். அந்தப் பட்டியலைப் பார்த்து, விடுதலைக்குப் பணம் கட்டச் சொல்லி வீட்டுக்கு அழைக்கும் மோசடிக்காரனுக்கும் அதே பட்டியல்தான் மூலதனம். பெயரும் ஊரும் படகு எண்ணும் போதும், மற்றவை அதிகாரியிடம் நேரடியாகப் போகட்டும்.

தேவையானதை மட்டும் வாங்குங்கள், கடவுச்சொல் போட்டு வையுங்கள், வேலை முடிந்ததும் அழியுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் தரவுக்குச் சரிபார்க்கக்கூடிய பெற்றோர் ஒப்புதல் வேண்டும். கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவித்து, முழு விவரத்தை 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தர வேண்டும் என்பது விதி. உறுப்பினர் பட்டியலை அகரவரிசைப்படுத்தவும் கடிதம் எழுதவும் இலவசச் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளில் அப்படியே ஒட்டும் பழக்கம் சங்கங்களில் பரவிவருகிறது. பெயர்களையும் எண்களையும் எடுத்துவிட்டு ஒட்டுங்கள், அந்தச் செயலியின் அமைப்புகளில் உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அனுமதியையும் அணைத்து வையுங்கள்.

வடை வந்த அன்று இரவு என் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். நான்கு ஆண்டுகளாக வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஆதார், பாஸ்புக், பாஸ்போர்ட் படங்கள் மூவாயிரத்துக்கும் மேல், கடவுச்சொல் இல்லாத கணினியில் அப்படியே கிடந்தன. அழித்து முடிக்க நள்ளிரவு தாண்டியது. இப்போது அந்த அக்கா படிவம் முடிந்தவுடன் நாற்காலியை விட்டு எழுவதில்லை. அவருடைய படத்தை நான் அழித்து, குப்பைக் கூடையையும் காலி செய்வதைத் திரையில் பார்த்த பிறகுதான் பையை எடுக்கிறார்.